என் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நியாயம்

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மாத்தளை மாவட்டத்தின் மலைப்பக்கத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தமிழ்ப் பாடசாலையில் என் சேவைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. பிள்ளைகளை இந்தப் பாடசாலையை விட்டு எடுக்காதீர்கள் என்று லயம் லயமாக ஏறி இறங்கிப் பெற்றோரைக் கெஞ்சியவன் நான். அதே நாட்களில் என் மகளை அங்கிருந்து விலக்கி, கண்டியில் பேரும் புகழும் உள்ள ஒரு கல்லூரியில் சேர்த்தேன். சேர்ப்பதற்காகப் பொய் முகவரி கொடுத்தேன், பணமும் கொடுத்தேன். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் நேருக்கு நேர் கேட்டபோது அவரிடமும் பொய் சொன்னேன்.

இதுவரை யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. கேட்கும் உரிமை உள்ளவர்கள் ஆசிரியரைக் கேள்வி கேட்டுப் பழகாதவர்கள். அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் மனத்தில் பாடசாலைகளுக்கு ஒரு படிவரிசை இருக்கிறது. எந்தச் சுற்றுநிருபத்திலும் அது இல்லை. ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். தோட்டத்துக்குள் இருக்கும் பாடசாலை கடைசிப் படி. உக்குவளை, இரத்தோட்டை போன்ற சிறு நகரங்களில் உள்ளவை அடுத்த படி. மாத்தளை நகரத்துக்குள் வந்துவிட்டால் மதிப்பு ஏறும்: இந்து தேசியக் கல்லூரி, பாக்கியம் தேசியக் கல்லூரி, முஸ்லிம் பெற்றோருக்கு சாஹிரா, ஆமினா. அதற்கும் மேலே கண்டி. 1854இல் தொடங்கிய புனித அந்தோனியார் கல்லூரி, 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரி, 1879இல் தொடங்கிய பெண்கள் உயர் பாடசாலை என்று நூற்றாண்டு கடந்த பெயர்கள். கொழும்பும் யாழ்ப்பாணமும் தனி உயரம். அங்கே சொந்தக்காரர் இருந்தால்தான் நினைத்தே பார்க்க முடியும். சிங்களப் பெற்றோரிடமும் இதே வரிசை வேறு பெயர்களோடு இருக்கிறது.

இந்த வரிசையை வைத்திருக்கும் பெற்றோரில் அநேகர் அந்தப் பாடசாலைகளின் வகுப்பறைக்குள் ஒரு பாடவேளைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. அவர்கள் பார்ப்பது கழுத்துப் பட்டியை, பேண்ட் வாத்தியத்தை, கிரிக்கெட் போட்டிக்குக் கொடி கட்டிய வாகனங்களை, பெறுபேறு வந்த மறுநாள் மதிலில் தொங்கும் பதாகையை. பெயர்ப் பலகையில் ‘தேசிய’ என்று இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அந்தச் சொல் அங்கே வந்த கதையைக் கூட்டங்களில் நான்தான் விளக்குவேன். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்து பாடசாலைகளை மாகாண சபைகள் பொறுப்பேற்றபோது, மத்திய அமைச்சு தன் கையில் வைத்துக்கொண்டவை தேசியப் பாடசாலைகள். யார் நிர்வகிக்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் வித்தியாசம். பிறகு ஆயிரம் தேசியப் பாடசாலைத் திட்டம் என்று ஒன்று வந்தபோது பல பாடசாலைகளின் பலகையில் ஒரே நாளில் அந்தச் சொல் ஏறியது. உள்ளே இருந்த ஆசிரியர்களும் மேசை கதிரைகளும் மறுநாளும் அவைதான்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றியும் சொல்லுவேன். கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்து 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். கிராமத்து ஏழைப் பிள்ளையும் மத்திய கல்லூரிக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்பதற்காக உண்டான வழி இந்தப் புலமைப்பரிசில். நல்ல நோக்கம், எத்தனையோ குடும்பங்களைத் தூக்கிவிட்ட வழி. ஆனால் நாளடைவில் அது சிறிய பாடசாலைகளிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளை ஆண்டுதோறும் பிரித்தெடுக்கும் வழியாகவும் ஆகிவிட்டது. ஒவ்வொரு பெரிய பாடசாலைக்கும் தனி வெட்டுப்புள்ளி. பத்து வயதில் நாட்டிலேயே நன்றாக எழுதிய பிள்ளைகள் ஒரே இடத்தில் சேர்கிறார்கள். ஆறு வருடம் கழித்து அவர்களில் பலர் சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களிலும் ஏ எடுக்கிறார்கள், பதாகை தொங்குகிறது, பெற்றோர் அண்ணாந்து பார்க்கிறார்கள். கொழுந்தை மட்டும் கிள்ளி எடுத்தவர்கள் முற்றல் இலை விழுந்த கூடையைப் பார்த்து மலையைக் குறை சொல்லக் கூடாது என்று தோட்டத்து மக்களிடம் அவர்கள் மொழியிலேயே சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சொன்ன நான்தான் அதன்படி நடக்கவில்லை.

இதையெல்லாம் தெரிந்தவன் ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்ல என் பிறப்பிடத்துக்குப் போக வேண்டும். நான் லயத்தில் பிறந்தவன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று வெள்ளையர் ஆட்சியில் 1920இல் சட்டம் வந்தது. நடந்தது என்னவென்றால், ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. அநேகமாக ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்து கொழுந்துக் கூடையோ மண்வெட்டியோ கைக்கு வரும். என் பெற்றோர் அப்படித்தான் வளர்ந்தார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே இந்தப் பள்ளிகளையும் அரசு கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் நாட்டுச் ‘சீடா’ உதவியால் கட்டடங்கள் எழும்பின. இன்றும் மலையகத்தில் ‘சீடா கட்டடம்’ என்றால் பிள்ளைக்கும் தெரியும். தோட்டத்து இளைஞர்களுக்கு ஆசிரிய நியமனங்கள் கிடைத்தன. அப்படி நியமனம் பெற்று, கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்தவர்களில் நானும் ஒருவன். என்னைப் போன்றவனுக்குத் தோட்டத்துச் சிறிய பாடசாலைதான் எல்லாம் தந்தது.

ஆனால் மேல் வகுப்புக்கு நகரத்துப் பாடசாலைக்குப் போனபோது ‘தோட்டக்காட்டான்’ என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஆசிரியனாகிச் சம்பளம் வாங்கி, நகர எல்லையில் ஒரு துண்டு காணி வாங்கி வீடு கட்டிய பிறகும் அந்தச் சொல் எனக்குள் இருந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவில், கலியாண வீட்டில், பஸ் தரிப்பிடத்தில் யாரைச் சந்தித்தாலும் இரண்டாவது கேள்வி, “புள்ள எங்க படிக்குது?” என் பாடசாலையின் பெயரைச் சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒரு சிறிய மாற்றம் தெரியும். “ஓ, அங்கயா? நீங்க அங்க இருக்கிறதால வசதிதானே” என்பார்கள். அந்த ஆறுதலை என்னால் தாங்க முடியவில்லை.

என் மகள் எங்கள் பாடசாலையில் தரம் 5 வரை படித்தாள். 2011ஆம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை எழுதி, உதவிப்பணம் கிடைக்கும் மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டினாள். அவளை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர் எங்கள் பாடசாலையின் ஓர் ஆசிரியை. மழையிலும் பனியிலும் பஸ் இல்லாத நாளில் நடந்து வந்து, மாலையில் காசு வாங்காமல் வகுப்பு வைத்தவர். அதே ஆண்டில் எங்கள் பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் அது எளிதில் வாய்க்காத நிலை. சாதாரண தரம் வரைக்கும் என் பிள்ளைக்கு அங்கே ஒரு குறையும் இருந்திருக்காது. இது வெளியே நின்று ஊகித்தது அல்ல. நான் உள்ளே இருந்தேன், ஆசிரியர் அறையில் அவர்களோடு உட்கார்ந்தேன், அவர்கள் கற்பிப்பதை அடுத்த வகுப்பிலிருந்து கேட்டேன்.

பாடசாலையைத் தூரத்திலிருந்து பார்க்கும் பெற்றோர் ஊர்ப் பேச்சை நம்புவதற்கு ஒரு நியாயம் உண்டு. அவர்களுக்கு வேறு சாட்சி இல்லை. எனக்குச் சாட்சி இருந்தது. என் கண்ணையும் காதையும் நம்பாமல் ஊர்ப் பேச்சை நம்பினேன். என் குற்றத்தின் வேர் இதுதான்.

அவள் எடுத்த புள்ளி கண்டியில் நான் குறிவைத்த கல்லூரிக்குப் போதவில்லை. மாத்தளை நகரத்திலேயே ஒரு பாடசாலையில் சேர்க்கலாம், வீட்டிலிருந்து பக்கம் என்று என் மனைவி சொன்னார். நான் கேட்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் இருந்த சொந்தக்காரர் வீட்டு முகவரியை எங்கள் முகவரியாக எழுதினேன். அரசியல்வாதி ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்த ஒருவரைப் பிடித்துச் சிபாரிசுக் கடிதம் வாங்கினேன். இடையில் நின்றவருக்குப் பணம் கொடுத்தேன். அது யார் கைக்குப் போகிறது என்று கேட்காமலே கொடுத்தேன். கேட்டால் மனம் மாறிவிடும் என்ற பயம். அந்தப் பணம் சம்பளத்தைக் காட்டி வங்கியில் எடுத்த கடன். பாடசாலை அனுமதிக்கு இலஞ்சம் வாங்கியவர்கள் கைதானதாகப் பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் ஊர் வாங்கியவரைத்தான் ஏசுகிறது. கொடுத்தவன் நானும் ஒரு குற்றவாளி. அந்த வகுப்பில் ஓர் இடம் இன்னொரு பிள்ளைக்கு உரியது, அதை எடுத்துக்கொண்டேன்.

2012 தொடக்கத்தில் எங்கள் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். தரம் 6க்குப் பிள்ளைகள் குறைந்துகொண்டு வருகிறார்கள், நீங்கள் பேசினால் கேட்பார்கள் என்று அதிபர் என்னிடம் சொன்னார். பேசினேன். கன்னங்கராவைச் சொன்னேன், வெட்டுப்புள்ளியைச் சொன்னேன், கொழுந்துக் கதையையும் சொன்னேன். பேசி முடித்ததும் பின் வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்தார். கொழுந்து எடுத்துவிட்டு நேராக வந்திருந்தார். அவருடைய மகன் என் மகளோடு ஒரே வகுப்பில் படித்தவன். மாத்தளை நகரத்தில் சேர்ப்பதா இல்லையா என்று தடுமாறிக்கொண்டிருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க சேர். ஒங்க புள்ளைய எங்க சேத்திருக்கீங்க?”

அவர் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்தவர் என்ன செய்திருக்கிறார் என்று அறிந்து அதன்படி நடக்கத்தான் கேட்டார். நான் சொன்னேன்: “அவ பாட்டிக்குச் சொகமில்லம்மா. தொணைக்குக் கண்டியில இருக்கா. அங்கயே பக்கத்துல ஒரு ஸ்கூல்ல போட்டிருக்கோம். இல்லாட்டி இங்கதான் படிச்சிருப்பா.”

என் மாமியார் அப்போது சுகமாகவே இருந்தார். அதிபருக்கும் சக ஆசிரியர்களுக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தத் தாய், “அப்பச் சரி சேர்” என்று உட்கார்ந்தார். தன் மகனை எங்கள் பாடசாலையிலேயே விட்டார்.

உண்மை பிறகு எப்படியோ கசிந்தது. மாஸ்டர் மகளே விட்டுவிட்டுக் கண்டிக்குப் போன பள்ளியில் நம் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்ற பேச்சு எழுந்தது. வசதி கொஞ்சமாவது இருந்த குடும்பங்கள், கடை வைத்திருந்தவர்கள், மத்திய கிழக்கிலிருந்து பணம் வந்த வீடுகள், ஒவ்வொன்றாகப் பிள்ளைகளை எடுத்தன. அதற்கு நான் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அந்த ஓட்டம் எனக்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆனால் தடுக்கக்கூடிய இடத்தில் நின்றவன் கதவைத் திறந்துவிட்டேன்.

பிள்ளைகள் குறைந்தால் என்ன நடக்கும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்பதை மாணவர் தொகையை வைத்தே தீர்மானிக்கிறார்கள். தொகை இறங்கினால் ஆளணி இறங்கும். மேலதிக ஆசிரியர் என்று வலயக் கல்விப் பணிமனை பட்டியல் போடும்; இடமாற்றம் வரும். தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிப்பவர்களுக்கு எங்கும் தட்டுப்பாடு, ஆகவே முதலில் அவர்களைத்தான் கேட்பார்கள். எங்கள் கணித ஆசிரியர் போனார். அடுத்த வருடம் விஞ்ஞான ஆசிரியரும் போனார். ‘அங்கே படிப்பு சரியில்லை’ என்று ஊர் சொன்னபோது அது பொய்யாக இருந்தது. எல்லோரும் அதை நம்பிப் பிள்ளைகளை எடுத்த பிறகு உண்மையாகிவிட்டது. கலைப்பிரிவு மட்டும் இருந்த உயர்தர வகுப்பும் பின்னர் மூடப்பட்டது. ஏழைகளிலும் ஏழைகள் மட்டும் மிஞ்சினார்கள். பஸ் காசு இல்லாதவர்களும், என் பேச்சை நம்பியவர்களும்.

அந்தத் தாயின் மகன் 2017 டிசம்பரில் சாதாரண தரம் எழுதினான். கடைசி இரண்டு ஆண்டுகளும் அவனுக்குக் கணித ஆசிரியர் இல்லை. யார் ஓய்வாக இருந்தார்களோ அவர்கள் வகுப்புக்குள் போய் நின்றோம். நான் தமிழ் ஆசிரியன். நானும் போய் நின்றிருக்கிறேன். அவன் தரம் 5இல் என் மகளுக்குச் சில புள்ளிகள்தான் பின்னால் இருந்தவன். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சித்தி பெறவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். எங்கள் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பையன்கள் போகும் வழி அது. மற்றவர்களுக்கு விதி, வறுமை என்று பல காரணம் சொல்லலாம். இவன் விஷயத்தில் ஒரு மனிதனின் பொய்யும் இருக்கிறது. அபாயம் இருக்கிறது என்று நினைத்து என் பிள்ளையை எடுத்த இடத்தில், அபாயம் இல்லை என்று சொல்லி அவனை நிறுத்தி வைத்தேன்.

அப்படியானால் பெற்றோர் எல்லோரும் பிள்ளையைப் பக்கத்துப் பாடசாலையிலேயே கட்டிப்போட வேண்டுமா என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளைக்கு நகரத்துக்குப் போவதைத் தவிர வழியே இல்லாத இடங்கள் மாத்தளை மாவட்டத்தில் உண்டு. ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் பௌதிகவியல் படி என்று யாரிடம் சொல்வது? நல்ல படிப்பைத் தேடிப் போகும் பெற்றோர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் தேடிப் போனது படிப்பை அல்ல. என் மகளைப் பற்றிக் கேட்பவர் முகம் மாறாமல் இருக்க ஒரு பெயரைத் தேடிப் போனேன்.

அந்தப் பெயருக்கு என் மகள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் வேன் வரும். நித்திரையிலேயே ஏறி நித்திரையிலேயே இறங்குவாள். பின்னேரம் கண்டியிலேயே டியூசன். இருட்டிய பிறகு வீடு. அவள் உயர்தரத்துக்குப் போன டியூசன் வகுப்பில் மாத்தளை நகரப் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரே ஆசிரியர், ஒரே குறிப்பு. கல்லூரியில் தமிழ்மொழிப் பிரிவு சிறியது, அங்கே வந்த பிள்ளைகளில் பலர் கண்டி நகரத்து வியாபாரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு நடுவே அவள் எந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தாள், அப்பா எந்தப் பாடசாலையில் கற்பிக்கிறார் என்பதை மறைத்துக்கொண்டே எட்டு வருடம் படித்திருக்கிறாள். “மாத்தளை டவுன்” என்று மட்டும் சொல்வாளாம். இதை மிகப் பின்னால்தான் என்னிடம் சொன்னாள். என்னை எந்தச் சொல் துரத்தியதோ அதிலிருந்து அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். வெட்கப்படுவதை நானே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

பல்கலைக்கழக அனுமதியில் இன்னொன்று நடந்தது. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது விதி. மாவட்டம் எது என்பதை, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் படித்த பாடசாலை எங்கே இருக்கிறது என்பதை வைத்தே பார்ப்பார்கள். என் மகள் மாத்தளையில் பிறந்து மாத்தளையில் உறங்கி எழுந்தவள். கணக்கில் கண்டி மாவட்டத்துப் பிள்ளை. கொரோனாவால் தள்ளிப்போய் ஒக்டோபரில் நடந்த 2020ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையை எழுதினாள். அவள் ஆசைப்பட்ட பாடநெறிக்கு அவளுடைய இசட் புள்ளி மாத்தளை மாவட்டத்துக்குப் போதும். கண்டி மாவட்டத்துக்குப் போதவில்லை. இந்த விதி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆசிரியன் நான், பிறர் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன். பெரிய கல்லூரியில் படித்தால் எந்த மாவட்டத்திலும் தேறிவிடுவாள் என்று பெயர்மீது வைத்த நம்பிக்கையில் அதை ஒதுக்கிவிட்டேன்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் கிடைத்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய பேராதனை இல்லையே என்ற ஏக்கம். யாராவது கேட்டால் “கெம்பஸ் கிடைச்சிருக்கு” என்று சொல்லிப் பேச்சை மாற்றுவேன். ஒரு நாள் சொந்தக்காரர் முன்னால் நான் அப்படி மழுப்பியதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு, “நான் எங்க படிச்சாலும் ஒங்களுக்குப் பத்தாதாப்பா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் படித்த அந்த இடம் 1981இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமானது. கிராமத்துப் பிள்ளைகளுக்காகக் கட்டிய மத்திய கல்லூரி வளாகத்தில்தான் அந்தப் பல்கலைக்கழகம் எழுந்தது. கன்னங்கராவைக் கூட்டத்துக்குக் கூட்டம் புகழ்ந்த நான் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டியவன்.

2023 ஆகஸ்டில், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தவர்கள் மாத்தளையை அடைந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்கு எங்கள் முன்னோர் காட்டு வழியே, வழியெங்கும் செத்து விழுந்து, நடந்து வந்த பாதை அது. வரவேற்க நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். காணியும் வீடும் சம்பளமும் கேட்ட பதாகைகளோடு கல்வி கேட்ட பதாகைகளும் வந்தன. என்னைத் தெரிந்த ஓர் இளைஞர் ஓடிவந்து, சேர் நம்ம பள்ளிக்காக எவ்வளவு பாடுபட்டவர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் அறிமுகப்படுத்தினார். எனக்கு நிற்க முடியவில்லை. இதை எழுத வேண்டும் என்று தீர்மானித்தது அன்றுதான்.

எழுதுவதற்கு முன் அந்தத் தாயைத் தேடிப் போனேன். பாட்டிக்குச் சுகமில்லை என்று சொன்னது பொய் என்றேன். “அது எனக்கு அந்த வருசமே தெரியும் சேர். நீங்க சொன்னதால மட்டுமா விட்டேன்? பஸ்சுக்கும் காசில்ல” என்றார். என்னை இலேசாக்குவதற்காகத்தான் அப்படிச் சொன்னார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் இன்று கற்பிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்பது உங்கள் உரிமை. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசும்போது, உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது, ஏன் அங்கே படிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். உங்கள் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லையென்றால், இல்லை என்று அதே மேடையில் சொல்லுங்கள். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பாடசாலையின் பெயரைக் கேட்காதீர்கள். எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், கிழமையில் எத்தனை நாள் வருகிறார், தரம் 6இல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சாதாரண தரம் வரை போனார்கள் என்று அதிபரிடம் கேளுங்கள். பின் வரிசையில் இருந்து எழுந்து, “ஒங்க புள்ளைய எங்க சேத்திருக்கீங்க?” என்றும் தயங்காமல் கேளுங்கள். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.